வாசல் வழியாக வராத வெள்ளம்

ஆரணிப் பள்ளத்தெருவுக்குள் நுழைந்து சுப்பராயலு வீடு எது என்று கேட்டால், எந்தச் சுப்பராயலு என்று திருப்பிக் கேட்பார்கள். இன்சூரன்ஸ் சுப்பராயலு என்று சொல்லிவிட்டால் நாலு விரல் ஒரே சமயத்தில் நீளும். இத்தனைக்கும் மனிதர் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு நாள் கூட வேலை பார்த்ததில்லை. கமிஷன் வாங்கியதில்லை. கம்பெனிக்காரர்கள் ஊருக்கெல்லாம் கொடுக்கிற காலண்டர் கூட அவர் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்ததில்லை. அவர் பட்டு நெய்கிறவர். வீட்டுக்குள்ளேயே தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற குழித்தறி அவருடையது. சாப்பிட எழுந்தால் கூட நெய்த மட்டும் புடவைமேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத்தான் எழுவார். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டம் ஒட்டியது, சர்க்காரும் கம்பெனியும் சேர்ந்து அவருக்குச் செய்த உபகாரம்.

முதல் உபகாரம் எழுபத்தேழாம் வருஷப் புயலில். கமண்டல நதியில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் போனால் அதிகம். அந்த ஐப்பசியில் அது பத்து வருஷத்துக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டது. பள்ளத்தெரு பெயருக்கேற்ற தெரு. சுப்பராயலுவின் தறிக்குழி தூர்ந்தது, தறியின் கால்கள் சாய்ந்தன, மேலே இருந்த ஜக்கார்டு பெட்டி அட்டைகளோடு சேற்றில் விழுந்தது. அந்த அட்டையில் குத்தியிருக்கும் ஓட்டைகளைப் பார்த்துத்தான் புடவையில் அன்னமும் மயிலும் இறங்க வேண்டும். அட்டை கூழாகிவிட்டால் மயிலும் கூழ்தான்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் நிவாரண லாரி வந்து நின்றது. தெருவே வரிசையில் நின்றது. மேஜை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தாவிடம் அச்சடித்த ஒரு பாரம். அதில் வீடு முழுச் சேதமா பாதிச் சேதமா என்று ஒரு கட்டம். மாடு ஒரு கட்டம், ஆடு ஒரு கட்டம், கோழிக்குக் கூட ஒரு கட்டம். தறிக்குக் கட்டம் இல்லை. பட்டு நெய்கிற ஊருக்குப் பட்டு நெய்கிற தறி என்று ஒன்று உண்டென்பது பாரம் அச்சடித்த இடத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. சுப்பராயலு அரை மணி விளக்கினார். குமாஸ்தா இரக்கப்பட்டு, இதர என்ற கட்டத்தில் "நாற்காலி முதலிய மரச்சாமான்" என்று எழுதிக்கொண்டார். இதரவுக்குப் பணம் இல்லை. அரிசியும், ஒரு வேட்டியும், ஒரு புடவையும் கிடைத்தன.

அந்தப் புடவையை அவர் மனைவி ஜெயம் வீட்டில் பிரித்துப் பார்த்தாள். உடலின் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ள நிவாரணம் என்று மசியால் முத்திரை குத்தியிருந்தது. திருடிக்கொண்டு போய் விற்றுவிடக் கூடாதாம். கல்யாணப் புடவை நெய்கிற வீட்டுப் பெண், இடுப்பில் முத்திரையோடு தெருவில் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெயம் அதை நாலாகக் கிழித்து, தறிக்குழிச் சேற்றைத் துடைக்க எடுத்துக்கொண்டாள்.

சுப்பராயலு அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். ஜெயத்திடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தானமா குடுத்தா தட்டு ஏந்திகினுதான் நிக்கணும். நாம கட்டின துட்டுன்னா நிமிந்து நின்னு கேக்கலாம்."

நாலு வருஷம் கழித்து, கட்டுகிற துட்டு வீடு தேடி வந்தது. நெசவாளர் சங்கத்தின் மூலமாகத் தறிகளுக்கு இன்சூரன்ஸ் போடுகிற திட்டம். வெள்ளம், புயல், தீ எதனால் போனாலும் தறிக்கும் அதில் ஏற்றிய பாவு நூலுக்கும் நஷ்ட ஈடு. கம்பெனி சார்பில் வந்தவர் ஜினராஜ். பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பம். வெள்ளைச் சட்டை, சைக்கிள், பொய் பேசத் தெரியாத முகம். அந்த முகம்தான் அத்தனை வினையும் செய்தது. பார்த்தாலே ஏமாற்றுக்காரன் என்று தெரிகிற ஆளை அனுப்பியிருந்தால் தெரு பிழைத்திருக்கும்.

ஜினராஜ் ஒரு சாயங்காலம் சுப்பராயலு வீட்டில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்த பாலிசியை ஒவ்வொரு ஷரத்தாகப் படித்துத் தமிழில் சொன்னார். எட்டாவது ஷரத்து வந்தபோது வெயில் கூரைக்கு ஏறிவிட்டது. ஜைனர்களாதலால் பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. ஆறு மைல் சைக்கிள் மிதித்து, இருட்டுமுன் இலையில் உட்கார வேண்டும். மிச்சமெல்லாம் எல்லாப் பாலிசியிலும் வழக்கமாகப் போடுகிற வார்த்தைகள்தான் என்று சொல்லி மடித்து வைத்தார். அவர் அப்படித்தான் நம்பினார். அவருக்கும் மேலதிகாரி அப்படித்தான் சொல்லியிருந்தார்.

படித்த எட்டாவது ஷரத்து சுப்பராயலுவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சேதம் வராமல் தடுக்கத் தன்னால் ஆன எல்லா ஜாக்கிரதையையும் பாலிசிதாரர் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ஈடு கிடையாது. இதைவிட நியாயமாக ஒருவன் எழுத முடியுமா? நெய்த துணிமேல் துணி போர்த்துகிறவருக்கு இதில் கசப்பதற்கு என்ன இருக்கிறது? அதைத் தெருவெல்லாம் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொண்டு அலைந்தார். ஒரு மாதம் தறியில் சரியாக உட்காரவில்லை. தன் வீட்டையும் சேர்த்து முப்பத்தெட்டு வீடுகளில் முப்பத்தேழு வீட்டைச் சம்மதிக்க வைத்தார்.

கடைசி வீடு கமலத்தினுடையது. கணவன் போனபின் தானே தறியில் இறங்கி நெய்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். அவளிடம் தறிச் சத்தத்தை மீறித்தான் பேச வேண்டும், அவள் நிறுத்த மாட்டாள்.

"வராத வெள்ளத்துக்கு இப்பவே படி அளக்கணுமாண்ணா?" என்றாள்.

வந்தபின் அளந்தால் வாங்க மாட்டார்கள் என்று சுப்பராயலு விளக்கினார். முத்திரைப் புடவையை ஞாபகப்படுத்தினார். எட்டாவது ஷரத்தைச் சொன்னார். கமலம் மிதியை நிறுத்தினாள்.

"எனக்குக் கம்பெனி மூஞ்சி தெரியாது. உன் மூஞ்சிய பாத்து கட்றேன். நாளைக்கு அவன் இல்லன்னு சொன்னா நான் பட்டணத்துக்கா போயி கேக்க முடியும்? உன் வூட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்."

வா என்றார் சுப்பராயலு. அப்போது அவருக்கு இருந்த தைரியத்துக்கு, கமண்டல நதியையே வா என்றிருப்பார்.

அது எண்பத்துமூன்றில் வந்தது. மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில், ஆற்றோரம் போனவர்கள் ஓடிவந்து தண்ணீர் கரைக்குச் சமமாகப் போகிறது என்றார்கள். ஜெயம் அப்போது ஊரில் இல்லை. சந்தவாசலில் தங்கைக்குப் பிரசவம் என்று போயிருந்தாள். சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். வாசலையும் கொல்லைக் கதவையும் அடையுங்கள் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினார். களிமண் இல்லாத வீட்டுக்குக் களிமண் கொண்டுவந்தார். மூட்டை இல்லாத வீட்டுக்கு, ரேஷன் கடைக்காரரின் காலைப் பிடித்துச் சாக்கு வாங்கிவந்தார். கமலத்தின் வாசலில் செங்கலை அடுக்கிக் களிமண்ணை அவரே கையால் பூசினார். ஜல்தி, ஜல்தி என்று அவர் கத்திய கத்தல் மழையை மீறிக் கேட்டது. எட்டாவது ஷரத்து நடந்து போனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு வந்தது. முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறியது. முப்பத்தேழு வாசலும் தாங்கின. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. சுப்பராயலு கோயில் மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டாவது வாசல் காலையில் அவர் திறந்துபோட்டபடியே கிடந்தது. ஆறு உள்ளே போய், தறியைச் சுற்றி, கொல்லை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தறியில் இருந்தது கூலிக்கு நெய்யச் சொல்லி முதலாளி கொடுத்த பாவு, முதலாளி கொடுத்த ஜரிகை. அவர் வீட்டில் அதை அறுத்து எடுத்துப் பரணில் போடக்கூட ஆள் இல்லை.

சரி, ஒருவன் போனாலும் முப்பத்தேழு பேர் தப்பினார்களே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அடைத்த வீடுகளுக்குள்ளிருந்து கூப்பாடு கேட்டது. வெளியே இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்கு அடியில் சும்மா இருக்குமா? தறிக்குழியின் அடியிலிருந்து ஊற்றெடுத்துக் கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் குழி நிறைந்து தரையோடு நின்றது. பாவை அறுத்துப் பரணில் ஏற்றி முதலாளியின் பட்டை எல்லோரும் காப்பாற்றிவிட்டார்கள். சொந்தத் தறியைக் காப்பாற்ற முடியவில்லை. குழியின் பக்கச் சுவர் கரைந்தது, கால்கள் சாய்ந்தன, ஜக்கார்டு பெட்டி குப்புற விழுந்தது. முப்பத்தெட்டுத் தறியும் போயிற்று.

தெரு அழுதது. ஆனாலும் எழுபத்தேழைப் போல அழவில்லை. இந்தத் தடவை கட்டிய துட்டு இருக்கிறது. சுப்பராயலுவும் அதைத்தான் சொன்னார். லாரி வந்தபோது பள்ளத்தெருவில் பாதிப் பேர் வரிசைக்கே போகவில்லை. அந்த நிமிர்வுக்கு அவர்தான் காரணம். அதை நினைத்து அவருக்குச் சேற்றிலும் கொஞ்சம் மார்பு விரிந்தது.

பத்தொன்பதாம் நாள் சர்வேயர் வந்தார். பட்டணத்துக்காரர், கையில் தோல்பை, காலில் ஷூ. ஷூவைக் கழற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சுவரில் சேறு ஏறிய கோட்டை அளந்தார். பிறகு உள்ளே வந்து உள்சுவரைப் பார்த்தார். அங்கே கோடு இல்லை. குழியை எட்டிப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். கமலத்தின் வீட்டில் ஜினராஜும் சுப்பராயலுவும் கூட நின்றார்கள்.

"தண்ணி உள்ள வரலியேம்மா," என்றார் சர்வேயர்.

"வராமயா சார் தறி வுழுந்து கெடக்குது?"

வெள்ளம் என்றால் வெளியிலிருந்து கட்டடத்துக்குள் புகுந்த தண்ணீர் என்று பாலிசி சொல்கிறது, இது பூமிக்குள்ளிருந்து கிளம்பிய தண்ணீர், நிலத்தடி நீர் ஏறி வந்த சேதத்துக்கு ஈடு கிடையாது, பதினோராவது ஷரத்து என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பொறுமையான மனிதர்தான். தறி அவருடையது இல்லையே.

"கீழேர்ந்து வந்தா அது தண்ணி இல்லியா சார்?" என்று கேட்டாள் கமலம்.

சர்வேயர் சிரித்தார். ஜினராஜ் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த சுப்பராயலுவுக்கு, பதினோராவது ஷரத்தை ஜினராஜும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார் என்று விளங்கிவிட்டது.

தாலுகா ஆபீஸில் மனுஷனுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்கிறார்கள், சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பொறுத்துக்கொள்கிறோம். தண்ணீருக்கும் கேட்கத் துணிந்தது இந்தக் கம்பெனி. எந்த வழியாக வந்தாய், வாசலா குழியா, உன் பிறப்பு ஆற்றிலா பூமியிலா? தெருவில் இடுப்பளவு நின்ற அதே ஆறுதான் மண்ணுக்குள் புகுந்து குழியில் கிளம்பியது என்பது பள்ளத்தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். குழியில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு இன்சூரன்ஸ் விற்றவன், குழியில் தண்ணீர் வந்தால் கிடையாது என்று எழுதி வைத்துக்கொண்டே விற்றிருக்கிறான். குடை விற்கும்போதே, மழை பட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று கம்பிக்குள் சின்ன எழுத்தில் பொறித்து வைப்பவனைத் தெருவில் கட்டி வைத்து உதைப்போம். இவர்களுக்குச் சென்னையில் ஆறுமாடிக் கட்டடம்.

வாசலை அடைத்து எட்டாவது ஷரத்தின்படி நடந்த முப்பத்தேழு பேருக்கும் ஒன்றும் கிடையாது. வாசலைத் திறந்துபோட்ட ஒரே ஒருவருக்கு, உள்சுவரில் சேற்றுக்கோடு இடுப்பளவுக்குத் தெளிவாக இருந்ததால், ஈடு உண்டு; எட்டாவது ஷரத்தைப் பற்றி அவரை யாரும் கேட்கவே இல்லை.

அந்த ஒருவர் யார் என்று தெருவுக்குத் தெரிந்த அன்றைக்கு சுப்பராயலு சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். வெளியே மாணிக்கவேல், அடுத்த வீட்டுக்காரர், யாரிடமோ பேசுவது சுவர் தாண்டிக் கேட்டது. அவனுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு, நம்ம வாசலெல்லாம் அடைக்கச் சொல்லிட்டு தன் வாசலைத் தொறந்து வுட்டுகினு பூட்டான் பாத்தியா. சந்தவாசலிலிருந்து திரும்பியிருந்த ஜெயம் எழுந்து சண்டைக்குப் போகப் பார்த்தாள். சுப்பராயலு கையைப் பிடித்து உட்காரவைத்தார். என்னவென்று போய்ச் சொல்வது? அடைக்கச் சொன்னது உண்மை. தன் வாசல் திறந்து கிடந்ததும் உண்மை.

கம்பெனி அதோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. ஈடு கொடுப்பதை விழாவாகக் கொண்டாட வேண்டும் என்று சென்னையில் தீர்மானித்தார்கள். கல்யாண மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, வடையும் காப்பியும் போட்டு, நாற்காலி நிரம்ப வேண்டும் என்று மறுக்கப்பட்ட முப்பத்தேழு பேரையும் அழைத்தார்கள். வடைக்காக அல்ல, கேட்டுப் பார்க்கலாம் என்று எல்லோரும் வந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். இனி ஆரணி நெசவாளர் வானத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்றார். பூமியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை விட்டுவிட்டார். சுப்பராயலு மேடையில் செக்கை வாங்கும்போது, மீதிப் பேருக்கு எப்போது என்று அதிகாரியின் காதோரம் கேட்டார். கேமராவைப் பாருங்கள் என்று பதில் வந்தது. அந்தப் போட்டோ நோட்டீசில் அச்சாகி, பள்ளத்தெரு முனையிலேயே ஒட்டப்பட்டது. பயனடைந்த நெசவாளர் என்று கீழே பெயர். அப்போது ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பட்டம்.

செக்கைப் பணமாக்கி, முப்பத்தெட்டுப் பங்காகப் போட்டு, முதல் பங்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கமலம் வீட்டுக்குத்தான் போனார். அவள் தூர்ந்த குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். தொடவில்லை.

"இன்னாண்ணா இது? என் வாசலை அடைச்சுக் குடுத்ததுக்கு எனக்கு நீ குடுக்கற கூலியா?"

அவர் பொட்டலத்தோடு திரும்பி வந்துவிட்டார். மற்ற வீடுகளுக்குப் போகவே இல்லை. பணம் முழுவதும் நனைந்துபோன பாவுக்காக முதலாளிக்குப் போயிற்று, அதுவும் போதவில்லை. கமலம் மறுநாளிலிருந்து முள்ளிப்பட்டுக்கு நடந்துபோய், அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தாள். காலையில் அவள் சோற்றுத் தூக்கோடு அவர் வாசலைத் தாண்டிப் போகும்போது நின்று சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வந்து நிற்பேன் என்று சொன்ன வாசலை அவள் ஏறிட்டும் பார்க்காமல் போனாள்.

சுப்பராயலு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், அதே பதில். ஒரு நாள் உச்சிவெயிலில், யாரும் கூப்பிடாமல் ஜினராஜ் வந்தார். இப்போது அவருக்கு ஆரணியில் புதுப் பாலிசி பிடிக்கிற வேலை இல்லை, பிடித்தாலும் யாரும் தர மாட்டார்கள். கையோடு பாலிசியைக் கொண்டுவந்திருந்தார்.

"அன்னைக்கு வுட்ட எடத்துலேர்ந்து படிச்சிடறேண்ணே," என்றார். "இப்ப பொழுது நெறைய கீது."

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்பதிலிருந்து இருபத்தாறு வரை படித்தார்கள். எட்டாவதையும் திரும்பப் படித்தார்கள். ஆன ஜாக்கிரதை எடுக்க வேண்டும் என்றுதான் இருந்ததே தவிர, வாசலை அடைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. உடைமையைத் தூக்கி உயரத்தில் வைத்தால் அதுவே ஜாக்கிரதை என்று ஜினராஜ் சொன்னார். வாசல் வழியாகத் தண்ணீர் வந்தால் மட்டும் வெள்ளம் என்று பதினொன்று சொன்னது. எழுந்து போகும்போது, தான் இதைச் சொன்னதாக எங்கும் சொல்லாதீர்கள் என்றார். அவருக்கும் வீட்டில் ஏழு பேர்.

பள்ளத்தெருவில் இனி ஒருவரும் இன்சூரன்ஸ் கட்டப்போவதில்லை என்று சபதம் எடுத்திருந்தார்கள். சபதத்துக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. விழுந்த தறியை மறுபடி நட எல்லோரும் சங்கத்தின் மூலம் பாங்கில் கடன் வாங்கினார்கள். கடன் வாங்கினால் இன்சூரன்ஸ் கட்டாயம், பிரீமியம் கூலியிலேயே பிடித்தம். தானாகக் கட்டினால் ஏமாளி என்று சிரிக்கவாவது செய்யலாம். பிடித்தம் செய்தால் சிரிக்கவும் முடியாது.

எண்பத்தைந்தில், அதே ஐப்பசி, அதே மழை. இந்தத் தடவை காலை எட்டு மணிக்கே ஆறு கரையைத் தொட்டுவிட்டது. தெருக்காரர்கள் சாக்கில் மண் நிரப்ப ஆரம்பித்தார்கள். சுப்பராயலு யாரும் பார்க்காத நேரத்தில் விடியற்காலையிலேயே தன் வீட்டு வேலையை முக்காலும் முடித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் கதவு கமலத்தினுடையது.

"கமலம், வாசலை அடைக்காத. பாவை அறுத்துப் பரண்ல போடு, பொட்டியக் கழட்டி மேல ஏத்து, அரிசிய எடுத்துக்க. கதவைத் தொறந்து வுட்டுட்டு கோயில் மேட்டுக்கு வா."

அவள் கையில் மண்வெட்டியோடு நிமிர்ந்தாள். சுற்றி மாணிக்கவேலும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள்.

"அன்னைக்கு அடைன்னுட்டு வந்த. இன்னைக்குத் தொறன்னுகினு வர்ற," என்றாள். "உன் வூட்ல இன்னா பண்ணிகினு வந்த? அதைச் சொல்லு மொதல்ல."

"வந்து பாரு," என்றார்.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சுப்பராயலுவின் வாசல் மார்பளவுக்குச் செங்கல் அடுக்கி அடைத்திருந்தது. வெளியே மழையில் ஜெயம் குந்தியிருந்து, கடைசி இடுக்கில் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவுக்கும் அப்படியே. முதலாளி பாவு கோயில் மேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. வீட்டுக்குள் அவருடைய தறி மட்டும் இருந்தது, அதன் குழி இருந்தது. ஆறு வாசலில் நுழைய எறும்புக்குக் கூட இடம் விடாமல், குழி வழியாக மட்டும் வரட்டும் என்று பூசி வைத்திருந்தார்கள். அந்தத் தறிக்குக் கம்பெனி ஒரு காசு தராது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

கமலம் சுவரை விரலால் குத்திப் பார்த்தாள். களிமண் இன்னும் ஈரமாக, ஆனால் இறுக்கமாக இருந்தது.

"தொட்டி நல்லாதான் கட்டிகீற," என்றாள். திரும்பிப் போய் வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காலால் தள்ளிவிட்டாள்.

அதன்பின் யாரும் கேள்வி கேட்கவில்லை. பத்து மணிக்குப் பள்ளத்தெருவில் முப்பத்தேழு வாசலும் விரியத் திறந்து கிடந்தன. கோயில் மேட்டில் நின்று, தங்கள் வீட்டுக்குள் ஆறு போவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கல் உருண்டதைப் பார்த்தார்கள். மண்சுவர் ஊறி விழுவதைப் பார்த்தார்கள். கதவைச் சாத்தி வைத்திருந்தால் குழிச் சேதத்தோடு போயிருக்கும். இப்போது வீடும் சேர்ந்து போனது. ஒரு ஊர் தன் வீட்டைத் தானே வெள்ளத்துக்குத் திறந்துவிட்டால்தான், அந்த ஊர் கட்டிய பணம் அதற்குத் திரும்பக் கிடைக்கும் என்றால், அதற்கு இன்சூரன்ஸ் என்று பெயர் வைத்தவனை என்ன சொல்வது? எழுபத்தேழில் முத்திரை குத்தினவனாவது ஒரு புடவையைத்தான் கெடுத்தான்.

சர்வேயர் வந்தார், வேறு சர்வேயர். உள்சுவர் எல்லாவற்றிலும் கோடு இருந்தது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினோரு மாதம் இழுத்தடித்து, தேய்மானம் என்று ஒரு பங்கை வெட்டிக்கொண்டு, முப்பத்தேழு பேருக்கும் பணம் வந்தது. இந்தத் தடவை மண்டபமும் இல்லை, வடையும் இல்லை. இத்தனை பேருக்குக் கொடுத்ததைக் கொண்டாட அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. சுப்பராயலுவுக்கு ஒரு கடிதம் மட்டும் வந்தது. தங்கள் இல்லத்தில் வெள்ளம் புகவில்லை, எனவே ஈடு இல்லை, எனினும் தாங்கள் எடுத்த முன்ஜாக்கிரதை மற்ற பாலிசிதாரர்கள் பின்பற்றத்தக்கது என்று பாராட்டியிருந்தார்கள். ஜெயம் அதை வாங்கி நாலாக மடித்து, ஆடுகிற தறிக்காலுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டாள். தறிக்கால்தான் இன்னும் நட்டபாடில்லை. அந்தப் பதினோரு மாதமும் முள்ளிப்பட்டுக்குத் தூக்கோடு நடந்தது சுப்பராயலு.

பணம் வந்த மறுநாள் காலை அவர் புறப்படுகிற நேரத்துக்குக் கமலம் வந்தாள். வாசலில் நின்றாள், சொன்னபடி. ஒரு துணிமுடிச்சைத் திண்ணையில் வைத்தாள். தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோரும் போட்டிருந்தார்கள், மாணிக்கவேல் உட்பட. மாணிக்கவேல்தான் வர வெட்கப்பட்டுக்கொண்டு முனையில் நின்றார்.

சுப்பராயலு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பேஜார் பண்ணாத, எட்த்துக்க," என்றாள் கமலம். "இது உன் வாசலை நீ அடைச்ச கூலி."

அவர் முடிச்சையும் சோற்றுத் தூக்கையும் ஜெயத்திடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பதினோரு மாதமாகத் தூர்ந்து கிடந்த குழிக்கு அருகில் போய் மண்வெட்டியை இறக்கினார். அடிமண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கமலம் மேலே நின்று, கூடையை நீட்டினாள்.